மைல்ட் ஏல்: குடிப்பதும் வீட்டில் தயாரிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மிங்காமுக்கு மேற்கே, பிளாக் கன்ட்ரி என்று அழைக்கப்படும் பழைய இரும்புத் தொழில் வட்டாரத்தில் குடியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கு மைல்ட் என்ற ஆங்கில ஏல் வகை பீரை ஊற்றிக் கொடுத்தால் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள், மூன்றாவது கிளாஸில் செய்முறை கேட்பார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது.

மைல்ட் என்றால் லேசான பீர் என்றுதானே பொருள்?

இன்று அப்படித்தான் ஆகிவிட்டது. பெயர் வந்த வழி வேறு. 18, 19ஆம் நூற்றாண்டு லண்டனில் பீரை வயதை வைத்துப் பிரித்தார்கள். பெரிய மரத் தொட்டிகளில் மாதக்கணக்கில் கிடந்து புளிப்பேறியது பழையது. ஆலையில் தயாரான சில வாரங்களுக்குள் பப்புக்குப் போனது மைல்ட். நாம் வெண்டைக்காயையும் நுங்கையும் இளசு, முற்றல் என்று பிரிக்கிறோமே, அதே கணக்கு. மைல்ட் என்றால் இளசு. போதையின் அளவுக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பே இல்லை.

பீப்பாயின் மேல் எக்ஸ் குறி போடுவார்கள். ஒற்றை எக்ஸ் எளியது, நான்கு எக்ஸ் கடுமையானது. 1830களின் லண்டனில் அந்த எளிய ஒற்றை எக்ஸ் மைல்டிலேயே இன்றைய கணக்கில் ஏறக்குறைய 7 சதவீதம் ஆல்கஹால் இருந்தது. இன்றைய மைல்டில் பெரும்பாலும் 3 முதல் 3.8 வரை.

பிறகு எப்படி இவ்வளவு மெலிந்தது?

போர்தான் காரணம். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. பார்லியை ரொட்டிக்குத் தருவதா பீருக்குத் தருவதா என்ற கேள்வி வந்தபோது அரசு ரொட்டியின் பக்கம் நின்றது. 1916 முதல் உற்பத்திக்குக் கட்டுப்பாடு வந்தது. 1914இல் பிரிட்டிஷ் பீரின் சராசரித் தொடக்க அடர்த்தி 1052 அளவில் இருந்தது. போர் முடியும்போது 1030 அளவுக்கு இறங்கிவிட்டது. (தண்ணீரின் அடர்த்தி 1000. அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் கரைந்திருக்கும் சர்க்கரைச் சத்து.) அந்த நீர்த்த சரக்கை மக்கள் ‘அரசாங்க பீர்’ என்று கேலி செய்தார்கள். போருக்குப் பின் வரியும் இறங்கவில்லை, மைல்டும் பழைய உயரத்துக்கு ஏறவில்லை.

ஆனால் நான் மதிப்பது அதற்குப் பிறகு நடந்ததை. பாதி மால்ட்டை (முளைகட்டிய பார்லி) வைத்துக்கொண்டு, குடிப்பவருக்குக் குறை தெரியாத ஒரு பீரை அந்த ஊர்த் தயாரிப்பாளர்கள் உருவாக்கிவிட்டார்கள். அரைப்படி அரிசியில் ஐந்து பேருக்குப் பசியாற்றிய பாட்டிகளின் கைப்பக்குவம் அது.

மைல்ட் கருப்பாகத்தானே இருக்க வேண்டும்?

தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மைல்ட் வெளிர் மால்ட்டில் செய்த வெளிர் பீர்தான். நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் கருக்கத் தொடங்கியது. இன்றும் வெளிர் மைல்ட் உண்டு: யார்க்‌ஷயரின் கீத்லி ஊரில் டிமதி டெய்லர் ஆலை தயாரிக்கும் கோல்டன் பெஸ்ட் தேன் நிறத்தில் இருக்கும், 3.5 சதவீதம். இந்தப் பக்கத்தில் இனி நான் மைல்ட் என்று சொல்வதெல்லாம் கருமைல்டைத்தான்.

இதைக் குடித்தவர்கள் யார்?

உலைமுன் நின்றவர்கள். இந்த வட்டாரத்தில் ஆணி அடித்தார்கள், சங்கிலி கோத்தார்கள், நங்கூரம் வார்த்தார்கள். டைட்டானிக் கப்பலின் பெரிய நங்கூரம் டட்லியை ஒட்டிய நெதர்டனில் ஹிங்லி பட்டறையில் உருவானது. பத்து மணி நேரம் நெருப்பருகே வியர்த்தவனுக்குத் தேவை தாகம் தீர்க்கும் பானம். அது கொஞ்சம் இனிக்க வேண்டும், வயிற்றில் கனக்கக் கூடாது, நான்கு பைன்ட் குடித்தாலும் மறுநாள் காலை வேலைக்கு எழ வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். மைல்ட் இந்த நான்குக்கும் பதில். 1950கள் வரை பிரிட்டனில் பீப்பாயிலிருந்து ஊற்றிய பீரில் மைல்டுக்குத்தான் முதலிடம்.

அப்படியானால் ஏன் காணாமல் போனது?

ஒரே காரணத்தைச் சொல்பவர்களை நம்பாதீர்கள். உலைகள் மூடின, உலைமுன் நின்றவர்கள் குறைந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு மைல்ட் என்றால் தட்டைத் தொப்பி போட்ட தாத்தாவின் பீர். அப்பா மைல்ட் குடித்தால் மகன் கசப்பு கூடிய பிட்டர் குடித்தான், பேரன் குளிரக் குடிக்கும் வெளிர் லாகர் குடித்தான். விளம்பரப் பணம் முழுவதும் லாகருக்குப் போனது.

இன்னொரு காரணத்தைப் பப்காரர்கள் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்கள். தட்டில் சிந்தியது, கிளாஸில் மிஞ்சியது எல்லாவற்றையும் வடிகட்டிப் பீப்பாயில் மறுபடி ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. எந்தப் பீப்பாயில் ஊற்றினால் நிறம் காட்டிக்கொடுக்காது? கருப்பு பீப்பாயில். நல்ல கடைகளையும் இந்தக் கெட்ட பெயர் தொற்றிக்கொண்டது. கேட்பவர் குறைந்ததும் பீப்பாய் காலியாக நாளானது, நாளானதும் புளித்தது, புளித்ததும் கேட்பவர் இன்னும் குறைந்தார்கள். போதையும், கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவும் குறைந்த பீர் மற்றவற்றைவிட வேகமாகக் கெடும். நான் முதன்முதலில் குடித்த மைல்டும் அப்படிப் புளித்ததுதான். இரண்டு ஆண்டுகள் அதன் பக்கமே போகவில்லை.

இப்போது எங்கே நல்ல மைல்ட் கிடைக்கும்?

செட்ஜ்லியில் பீக்கன் ஹோட்டல். ஹோட்டல் என்ற பெயரைப் பார்த்துப் பெட்டியோடு போய்விடாதீர்கள், அது விக்டோரியா காலத்துப் பப். நடுவில் மரக்கூண்டு போல ஊற்றும் இடம். சிறிய திறப்புகள் வழியாகக் குனிந்துதான் பீர் கேட்க வேண்டும். பின்கட்டில் சேரா ஹியூஸ் ஆலை. 1950களில் அடுப்பு அணைந்து, 1987இல் சேராவின் பேரன் மறுபடி மூட்டினார். அங்கே கிடைக்கும் டார்க் ரூபி மைல்டில் 6 சதவீதம் ஆல்கஹால். போருக்கு முந்தைய மைல்ட் எப்படி இருந்திருக்கும் என்று நாக்கால் அறிய வேண்டுமானால் இதுதான் வழி. ஒன்றோடு நிறுத்துங்கள், ஊர் மேட்டில் இருக்கிறது, இறங்கும் பாதை செங்குத்து.

எளிய வகைக்கு பிரையர்லி ஹில்லில் வைன் பப். உள்ளூர்க்காரர்கள் அதைப் புல் அண்ட் பிளாடர் என்பார்கள். 1877 முதல் நடக்கும் பேத்தம்ஸ் ஆலையின் தாய்வீடு அது, மைல்ட் 3.5 சதவீதம். மான்செஸ்டரில் ஜோசஃப் ஹோல்ட், கார்டிஃபில் பிரெய்ன்ஸ் டார்க். லண்டனில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாரம்பரிய பீருக்காக 1971இல் தொடங்கிய காம்ரா அமைப்பு மே மாதத்தை மைல்டுக்கு ஒதுக்கியிருக்கிறது. அந்த மாதத்தில் மற்ற ஊர்களிலும் தட்டுப்படும்.

செத்த பாணி என்று எழுதுபவர்களுக்கு ஒரு தகவல். காம்ரா ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் பிரிட்டனின் சிறந்த பீர் பட்டத்தை 2000, 2007, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளில் மைல்ட்கள் வென்றன: முறையே மூர்ஹவுஸ் பிளாக் கேட், ஹாப்ஸன்ஸ் மைல்ட், ரட்கேட் ரூபி மைல்ட். 2023 ஆகஸ்டில் வரி முறை மாறியதிலிருந்து 3.5 சதவீதத்துக்குக் கீழே உள்ள பீருக்கு வரி வெகுவாகக் குறைவு. மைல்டை மெலிய வைத்த வரியே இப்போது அதற்குக் கை கொடுக்கிறது.

குடிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வெப்பநிலை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் உங்களுக்குத் தெரியப்போவது குளிர் மட்டுமே. 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் சரி. மண்பானைத் தண்ணீரைவிடச் சற்றுக் குளிர்ச்சி, அவ்வளவுதான்.

கிளாஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கருப்பு என்று நினைத்தது ஓரத்தில் மாதுளை முத்தின் சிவப்பாக ஒளிவிடும். பிறகு முகர்ந்து பாருங்கள். ரொட்டியின் முறுகிய ஓரம், பாகு பதம் தாண்டி நிறம் மாறும் நேரத்து வாசனை, பேரீச்சை, உலர்திராட்சை, தூரத்தில் கொக்கோ. ஹாப்ஸ் வாசனை ஏறக்குறைய இருக்காது. இருந்தால் ஈர மண்ணும் தழையும் போல மெல்லிதாக. வாயில் முதலில் இனிப்பு, விழுங்கும்போது இனிப்பு விலகி மெல்லிய கசப்பு. அந்த விலகலைத்தான் பார்க்க வேண்டும். இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தால் அது பீர் வேடம் போட்ட மால்ட் பானம்.

நுரை பற்றி வடக்குக்கும் தெற்குக்கும் ஓயாத சண்டை உண்டு. வடக்கிலும் மிட்லண்ட்ஸிலும் குழாய் நுனியில் சல்லடைத் துளையுள்ள சிறு மூடி மாட்டி, பாலாடை போன்ற நுரையோடு ஊற்றுவார்கள். தெற்கத்தியர் அதைப் பீரின் உயிரை உறிஞ்சும் வேலை என்பார்கள். மைல்டைப் பொறுத்தவரை நான் வடக்கின் கட்சி. நம் டீக்கடைக்காரர் ஆற்றிக் கொடுத்த டீயைக் குடித்து வளர்ந்தவனுக்கு வேறு கட்சி எப்படி வரும்?

வாயு இல்லாமல் சப்பென்று இருக்கிறதே, கெட்டுப்போனதா?

இல்லை. பீப்பாய் ஏலில் வாயு குறைவாகத்தான் இருக்கும். புளித்திருந்தால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நல்ல பப்பில் மறுபேச்சின்றி மாற்றித் தருவார்கள்.

தொட்டுக்கொள்ள?

இங்கே வறுத்த பன்றித் தோல், அல்லது சீஸும் பச்சை வெங்காயமும் வைத்த பன். சைவர்களுக்கு வறுத்த வேர்க்கடலை.

வீட்டில் தயாரிப்பது சட்டப்படி சரியா?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 1963 வரை உரிமம் வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நீக்கிவிட்டார்கள். சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், ஒரு பாட்டிலைக்கூட விற்கக் கூடாது. சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள் வீட்டு உபயோகத்துக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை செய்யலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். இலங்கையிலும் உரிமமின்றிச் செய்ய முடியாது. அங்கே இருப்பவர்கள் மேலே உள்ளதைப் படித்து ரசியுங்கள், கீழே உள்ளதை அடுப்பில் வைக்காதீர்கள்.

‘காய்ச்சுகிறேன்’ என்று சொன்னால் வீட்டில் பயப்படுகிறார்களே?

தமிழில் அந்த வினைச்சொல் கள்ளச்சாராயச் செய்திகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர்களிடம் சொல்லுங்கள்: சாராயம் ஆவியாக்கி வடிப்பது, பீர் வெறும் நொதித்தல். இட்லி மாவில் நடப்பதற்குப் பக்கத்து வீட்டு வேலை. இங்கே வடிக்கும் கலம் எதுவும் கிடையாது. மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைப்பதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இருக்கிறது. நான் ‘ஊறல்’ என்றே எழுதுகிறேன். காவல்துறை அறிக்கைகளில் மட்டும் வாழும் அந்த நல்ல சொல்லுக்கு ஒரு கௌரவமான வேலை கிடைக்கட்டும்.

புதியவர் மைல்டில் தொடங்கலாமா?

தொடங்கலாம். செலவு குறைவு, மூன்றே வாரத்தில் குடிக்கலாம். ஆனால் மற்றவர்கள் சொல்வதுபோல இது எளிது என்று சொல்ல மாட்டேன். ஹாப்ஸைக் கொட்டிச் செய்யும் பீரில் சிறு பிழைகள் வாசனைக்குள் ஒளிந்துகொள்ளும். 8 சதவீத பீரில் போதை மூடி மறைக்கும். மைல்டுக்கு ஒளிய இடமே கிடையாது. ரசம் வைப்பதைப் போல: பொருட்கள் ஐந்தாறுதான், ஆனால் யார் வைத்தது என்று முதல் மிடறிலேயே தெரிந்துவிடும்.

செய்முறையைச் சொல்லுங்கள்.

20 லிட்டருக்கு நான் செய்வது இது.

மாரிஸ் ஆட்டர் மால்ட் 2.6 கிலோ
நடுத்தர நிற கிரிஸ்டல் மால்ட் 250 கிராம்
சாக்லெட் மால்ட் 80 கிராம்
கரும்பாகு 300 கிராம் (கீழே சொல்கிறேன்)
ஃபகிள் ஹாப்ஸ் 30 கிராம்
ஆங்கில ஏல் ஈஸ்ட் ஒரு பாக்கெட்

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. முளைகட்டிய கேழ்வரகு மாவு அரைத்த வீட்டில் பிறந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சாக்லெட் மால்ட்டில் சாக்லெட் இல்லை, அந்த நிறத்துக்கு வறுத்திருப்பார்கள், அவ்வளவே. மாரிஸ் ஆட்டர் கேம்பிரிட்ஜ் அருகே மாரிஸ் சந்தில் இருந்த ஆய்வு நிலையம் 1960களில் உருவாக்கிய பார்லி ரகம். விளைச்சலில் மற்றவற்றிடம் தோற்று, சுவையால் பிழைத்திருக்கிறது.

35 லிட்டர் பாத்திரத்தில் 27 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பெரிய வலைத்துணிப் பையைப் பாத்திரத்துக்குள் விரித்து, உடைத்த மால்ட்டைக் கட்டி தட்டாமல் கொட்டிக் கிளறுங்கள். வெப்பம் 68க்கு இறங்கி நிற்கும். மூடி, பழைய போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு பையைத் தூக்கி, தேங்காய்ப் பால் எடுப்பதுபோலப் பிழியுங்கள்.

பாத்திரத்தில் இருப்பது இனிப்பு நீர். கொதித்ததும் ஹாப்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் கரும்பாகையும், ஐரிஷ் மாஸ் என்ற கடற்பாசித் தூள் ஒரு தேக்கரண்டியும் சேருங்கள். பாசி கலங்கலைத் திரட்டி அடியில் இறக்கும். பாகு அடியில் பிடித்துவிடும், கிளறிக்கொண்டே ஊற்றுங்கள்.

பிறகு சீக்கிரம் குளிர்விக்க வேண்டும். செப்புச் சுருள் இல்லாவிட்டால் ஐஸ் நீர்த் தொட்டியில் இறக்குங்கள். 19 டிகிரி ஆனதும் நொதிக்கலனுக்கு மாற்றி ஈஸ்ட்டைத் தூவுங்கள். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1035 பக்கம் காட்டும். ஐந்தாறு நாளில் 1011க்கு இறங்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 24, அதை 0.131ஆல் பெருக்கினால் 3.1 சதவீதம். அதுதான் உங்கள் மைல்ட்.

கொதித்து முடிந்த பிறகு பீரைத் தொடும் எதுவும், உங்கள் கை உட்பட, கிருமிநாசினி பட்டதாக இருக்க வேண்டும். இதில் மட்டும் சலுகை கிடையாது.

ஊறல் வெப்பநிலை ஏன் 68? 64 ஆனால் என்ன ஆகும்?

பீர் குட்டிச்சுவராகும். என் முதல் முயற்சி அப்படித்தான் ஆனது. வெப்பமானி பழுது, 63இல் ஊறியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வந்தது கருப்பு நிறத் தண்ணீர்.

மால்ட்டில் மாவுச்சத்தை உடைக்க இரண்டு நொதிகள் இருக்கின்றன. 60 முதல் 65 டிகிரிக்குள் சுறுசுறுப்பாக இருக்கும் பீட்டா அமிலேஸ் மாவுச்சத்தின் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடித்து, ஈஸ்ட் முழுவதையும் தின்னக்கூடிய சர்க்கரை ஆக்கும். 70ஐ நெருங்கும்போது அது சோர்ந்துவிடும். ஆல்ஃபா அமிலேஸ் கண்ட இடத்தில் வெட்டும். அந்த ஒழுங்கற்ற பெரிய துண்டுகளை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அவை பீரில் தங்கி, நாக்குக்குக் கனம் தருகின்றன. சர்க்கரைச் சத்து குறைந்த பீரில் அந்த மிச்சம்தான் உடம்பு. நான்கு டிகிரி வித்தியாசத்தில் மைல்ட் இருப்பதும் இல்லாமல்போவதும் தீர்மானமாகிறது. நல்ல வெப்பமானி வாங்குங்கள். மற்ற கருவிகளில் சிக்கனம் பிடிக்கலாம்.

கரும்பாகு எதற்கு? மால்ட் மட்டும் போதாதா?

போதும், ஆனால் அது வேறு பீராக இருக்கும். பிரிட்டனில் பீரில் சர்க்கரை சேர்க்க 1847இல் அனுமதி கிடைத்தது. 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டு, வரியை நொதிக்கும்முன் உள்ள இனிப்பு நீரின் அடர்த்திக்கு மாற்றியதும், எதைப் போட்டுச் செய்தாலும் வரி ஒன்றுதான் என்றாயிற்று. சர்க்கரை பெருகியது. கருமைல்டின் நிறத்திலும் உலர்பழ வாசனையிலும் பெரும்பங்கு அமிலம் சேர்த்துக் காய்ச்சிய கரும்புச் சர்க்கரைப் பாகுக்குத்தான். அந்தக் காலத்தில் பிரிட்டன் வாங்கிய சர்க்கரையில் மொரிஷியஸ் கரும்பும் உண்டு. 1834க்குப் பிறகு அந்தத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் நம் ஆட்கள் கணிசம். நாட்டுச்சர்க்கரை வாசனை வரும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

வீட்டில் செய்ய: அரைக்கிலோ பழுப்புக் கரும்புச் சர்க்கரை, கால் லிட்டர் தண்ணீர், கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். 115 டிகிரிக்குக் கொண்டுபோய், அதே சூட்டில் இரண்டரை மணி நேரம் வைத்திருங்கள். வற்றினால் சிறிது தண்ணீர் தெளியுங்கள். செம்பழுப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கு வரும்போது இறக்குங்கள். கருகினால் தூக்கி எறியுங்கள், மனசு கேட்காமல் போட்டுவிடாதீர்கள்.

கருப்பட்டி போடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் நீங்கள் இவ்வளவு தூரம் படித்தீர்கள் என்று தெரியும். போட்டுப் பார்த்தேன். 300 கிராம் போட்டதில் புகையும் லேசான உப்புமாக வந்தது. குடிக்க நன்றாகவே இருந்தது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வெல்டரிடம் கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு, “அருமை, ஆனால் மைல்ட் இல்லை” என்றார். அவர் சொன்னது சரி. பாதிக்குப் பாதி கரும்பாகோடு கலந்தால் அவரும் ஒப்புக்கொள்கிறார்.

எந்தத் தண்ணீர்?

குழாய் நீரே போதும், குளோரினை மட்டும் நீக்குங்கள். கேம்டன் மாத்திரை அரை மாத்திரையை நசுக்கி 27 லிட்டரில் போட்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. நீக்காவிட்டால் பீரில் மருத்துவமனை வராந்தா வாசனை வரும். மென்னீர் ஊரில் இருப்பவர்கள் கால்சியம் குளோரைடு 5 கிராம் சேர்க்கலாம், குளோரைடு மால்ட்டை உருட்டித் திரட்டிக் காட்டும். ஜிப்சம் வேண்டாம். அது கசப்பைக் கூர்மையாக்கும் சல்பேட், பிட்டருக்கு ஏற்றது.

ஈஸ்ட் எது?

உலர் ஈஸ்ட்டில் வின்ட்சர் அல்லது எஸ்-04. வின்ட்சர் மால்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையைத் தொடாது, அதனால் கனம் தானாகவே தங்கும். அதைப் போட்டால் ஊறலை 66க்கு இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திகட்டும். 24 டிகிரிக்கு மேல் நொதிக்க விடாதீர்கள், தலைவலிக்கும் சரக்காகிவிடும்.

முழு மால்ட் ஊறவைக்க வசதியில்லை. வழி உண்டா?

உண்டு. உலர் மால்ட் சத்துத் தூள் 1.5 கிலோ வாங்குங்கள். கிரிஸ்டல், சாக்லெட் மால்ட்களை மட்டும் 68 டிகிரி நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, தூளைக் கரைத்து, மேலே சொன்னபடி தொடருங்கள். முக்கால்வாசி தூரம் வரும்.

பாட்டிலில் எவ்வளவு சர்க்கரை போட வேண்டும்?

மொத்தம் 20 லிட்டருக்கு 50 கிராம். கடைகளில் தரும் தாள்களில் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எழுதியிருக்கும். அது லாகருக்கு. மைல்டில் அவ்வளவு வாயு ஏறினால் நாக்கு கூசும், மால்ட் தெரியாது.

ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டாமல் பாட்டிலில் அடைக்காதீர்கள். நான் ஒருமுறை ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் இரண்டு நாள் முன்பே அடைத்துவிட்டேன். நள்ளிரவில் மாடிப்படிக்குக் கீழே ஒன்று வெடித்தது. மீதியைத் திறக்க வெல்டரின் முகக்கவசத்தை இரவல் வாங்க வேண்டியதாயிற்று.

பீப்பாய் ஏல் தெளிய மீன் போடுகிறார்களாமே?

ஆம். மீனின் காற்றுப்பையை உலர்த்திக் கரைத்த கூழ் ஈஸ்ட்டைப் பிடித்து அடியில் இறக்கும். தெளிந்த மதுவுக்கு நம்மிடம் தேறல் என்ற அழகான சொல் இருக்கிறது. தேற வைக்கும் வேலையை இங்கே மீன் செய்கிறது. சைவர்கள் பப்பில் கேட்டுக் குடிக்கவும். வீட்டில் அது தேவையே இல்லை, ஒரு வாரம் குளிரில் வைத்தால் தானாகத் தெளியும்.

என் மைல்டில் ஏதோ சரியில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

வெண்ணெய் வாசனை வந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கும்முன் நீங்கள் குளிர்வித்துவிட்டீர்கள். இரண்டு நாள் இதமான இடத்தில் வையுங்கள், தானே துடைத்துவிடும். பச்சை ஆப்பிள் வாசனைக்கும் அதே மருந்து. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் மாற்றி ஊற்றும்போது காற்று கலந்திருக்கிறது, மருந்து இல்லை. கருகிய கசப்பு என்றால் வறுத்த மால்ட் அதிகம்; அடுத்த முறை 80 கிராமை 60 ஆக்குங்கள். வறுத்த மால்ட் தூக்கலான ஸ்டௌட் பீர் செய்யும் ஆசையில் மைல்டைத் தொடுபவர்கள்தான் இங்கே அதிகம் வழுக்குகிறார்கள். புளிப்பு என்றால் கழுவியது போதவில்லை. கீழே ஊற்றிவிட்டு, பிளாஸ்டிக் குழாய்களையும் மாற்றுங்கள்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

பாட்டிலில் இரண்டு வாரத்தில் குடிக்கத் தயாராகும். அடுத்த ஆறு வாரம் உச்சம். மூன்று மாதத்துக்குப் பிறகு மால்ட் வாசனை மங்கி அட்டை வாசனை தலைகாட்டும். சேர்த்துவைக்கும் சரக்கு இதுவல்ல.

இங்கிலாந்தில் எந்த மாதம் செய்வது நல்லது?

ஏப்ரல் முதல் வாரம். வீட்டின் உள்ளறை அப்போது 18, 19 டிகிரியில் இருக்கும், தனியாகக் குளிர்பெட்டி வேண்டாம். ஒரு வாரம் நொதிக்கலனில், இரண்டு வாரம் பாட்டிலில். மே முதல் நாள் திறந்துவிடலாம். காம்ராவின் மைல்ட் மாதம் தொடங்கியிருக்கும். அதே வாரத்தில் பப்பில் ஒரு பைன்ட் குடித்துவிட்டு வந்து உங்களுடையதைத் திறந்து பாருங்கள். அடுத்த முறை சாக்லெட் மால்ட் எத்தனை கிராம் என்பது அப்போது தெரிந்துவிடும்.